ஒவ்வொரு பயணத்துக்கும் பத்து நிமிடம்

பாயா லேபார் விமான நிலையத்தில், ஹேங்கரின் பின்சுவரை ஒட்டிக் கட்டிய தகரக் கூரை அறையில் செல்லக்கண்ணுவுக்கு வேலை. விமானத்தை அவர் தொடுவதில்லை. அதன் வயதை எழுதுவார். ஒவ்வொரு எஞ்சினுக்கும் மஞ்சள் அட்டை உண்டு, ஒன்று நிரம்பினால் இன்னொன்று. பறந்த மணி நேரமெல்லாம் அந்த அட்டையில் ஏறும். ஆயிரத்து இருநூறு மணி ஆனதும் எஞ்சினைக் கழற்றிப் பிரித்து உள்ளே பார்த்தாக வேண்டும். எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்பதெல்லாம் எடுபடாது. கழற்றச் சொல்வதும் ஓட விடுவதும் அட்டைதான்.

1951இல், விமானங்கள் பழைய காலாங் நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்த நாளில், எண்ணெய் துடைக்கும் ஆளாகச் சேர்ந்தவர் அவர். ஒருநாள் பதிவு அறைக் கிளார்க் காய்ச்சலில் விழுந்தபோது, கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று நான்கு அட்டைகளை அவரிடம் கொடுத்தார்கள். ஓர் எண்ணைக்கூட அடித்துத் திருத்தாமல் நிரப்பிக் கொடுத்தார். பிறகு துணிக்கும் எண்ணெய்க்கும் அவர் திரும்பவில்லை. பதினான்கு வருடத்தில் அவர் அட்டைகளில் அடித்தல் கிடையாது. அது ஒரு பழக்கம். அதைக் குணம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். அடித்தல் இல்லாத அட்டை தவறில்லாத அட்டை என்று அவர் நினைத்தார். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. கம்பெனியின் விமானிகள் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்ததும் கடிகாரம் பார்ப்பார்கள். திரும்ப நின்று எஞ்சினை அணைத்ததும் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் தரையில் ஊர்ந்ததும் சேர்ந்திருக்கும். ஊர்வது பறப்பதல்ல. ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் பத்து நிமிடம் கழித்துவிட்டுத்தான் அட்டையில் ஏற்றுவார்கள். முன்னிருந்த கிளார்க் அப்படிக் காட்டிக்கொடுத்தார், செல்லக்கண்ணு அப்படியே செய்தார். ஏன் என்று கேட்க வேண்டிய சந்தர்ப்பம் வரவில்லை.

1965இல் கம்பெனி, கடலுக்கு அந்தப் பக்கம் போர்னியோவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கம்பெனியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. மூன்று டகோட்டா விமானங்கள் வந்தன. அவற்றின் அட்டைகள் ஏழு தகரப் பெட்டிகளில் வந்தன. பெட்டிகளோடு அப்துல் முத்தலிப் வந்தார். லபுவான் தீவில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். அந்தக் கம்பெனியில் பதிவுக் கிளார்க்காக இருந்தவர். டகோட்டாக்களுக்கு இனி இடமில்லை என்று மேலே முடிவாகிவிட்டது. புதிய ஃபாக்கர் விமானங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. பழையவற்றை வாங்க ஆள் கிடைக்கும்வரை ஓட்டுவது, கிடைத்ததும் விற்றுவிடுவது என்று ஏற்பாடு.

விமானங்களுக்கு நடந்தது ஆட்களுக்கும் நடக்கவிருந்தது. இரண்டு பதிவு அறைகள் ஒன்றாகிவிட்டன. தலைமைக் கிளார்க் ஒருவர் போதும். மற்றவருக்கு மூன்று மாத நோட்டீஸ். பட்டியல் நவம்பரில் ஒரு சனிக்கிழமை ஒட்டப்படும். புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீடு ஒன்று செல்லக்கண்ணுவின் பெயருக்கு வந்திருந்தது. நிரந்தர வேலை என்று கம்பெனி கடிதம் தந்தால்தான் சாவி. கெர்பாவ் ரோட்டு மாடியறையில் மூன்று பிள்ளைகளோடு இருந்த மனைவி கண்மணி, புது வீட்டு ஜன்னலுக்குத் திரைத்துணி எவ்வளவு வேண்டும் என்று ஏற்கெனவே அளந்து வைத்திருந்தாள்.

முத்தலிப்பை ஹேங்கரில் எல்லாரும் ‘அந்தக் கரை ஆளு’ என்றார்கள். செல்லக்கண்ணுவும் அப்படித்தான் சொன்னார். ஏழு பெட்டி அட்டைகளையும் கம்பெனியின் மஞ்சள் அட்டைக்கு மாற்றும் வேலையைச் செல்லக்கண்ணு தனியாகவே செய்தார். நான்கு மாதம் ஆனது. எதிர் மேசையில் இருந்த மனிதரிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவர் என்று ஆகிவிடும். சனிக்கிழமைப் பட்டியல் இருக்கிறது.

நவம்பரில், அந்தப் பட்டியலுக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை. போர்னியோ டகோட்டாக்களில் ஒன்று விற்றாகிவிட்டது. ரங்கூன் பக்கத்துச் சரக்குக் கம்பெனி ஒன்று வாங்கியிருந்தது. அவர்களுடைய விமானியும் இரண்டு ஆட்களும் அதை எடுத்துப்போக வந்திருந்தார்கள். பதினொன்றரைக்குக் கிளம்ப வேண்டியது. பதினொன்றேகாலுக்கு மழை பிடித்துக்கொண்டது. எதிரே நிற்பது தெரியாத மழை.

முத்தலிப் ஜன்னலருகே நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த வண்டியில எத்தனை தடவை போயிருப்பேன் நான். அங்கெல்லாம் புல்லுத் தரை. கதவைச் சாத்துனா அடுத்த நிமிஷம் மேலே. இங்க மாதிரி ஊர்ந்துக்கிட்டே கெடக்கிற வேலையெல்லாம் இல்லே.”

“அப்ப உங்க கேப்டனுங்களுக்குக் கடிகாரம் பாக்கவே நேரம் இருந்திருக்காதே பாய்,” என்றார் செல்லக்கண்ணு. குத்தலாகத்தான் சொன்னார்.

“ஏன் இருக்காது? சக்கரம் தரையை விட்டதும் பாப்பாங்க. திரும்பத் தரையைத் தொட்டதும் பாப்பாங்க. அதைத்தானே எழுதணும்.”

செல்லக்கண்ணுவின் பேனா நின்றது.

“எப்பவுமேவா?”

“எப்பவுமேதான். இது என்ன கேள்வி?” முத்தலிப் திரும்பிப் பார்த்தார். “தேத்தண்ணி வாங்கப் போறேன். உங்களுக்கும் ஒண்ணு சொல்லவா?” என்றார். செல்லக்கண்ணு தலையசைத்தது சம்மதமா இல்லையா என்று தெரியாமலே குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கரை விமானிகள் எழுதியது பறந்த நேரம் மட்டும். அதிலிருந்து கழிக்க ஒன்றுமில்லை. செல்லக்கண்ணு கழித்திருந்தார். ஒவ்வொரு பயணத்துக்கும் பத்து நிமிடம், ஏழு பெட்டிக்கும், அடித்தல் இல்லாமல்.

வெளியே மழையில் நின்ற விமானத்தின் அட்டையை எடுத்தார். இடது எஞ்சின். அங்கிருந்து வந்தபோது ஆயிரத்து ஐந்நூறு பயணம். பத்துப் பத்து நிமிடமாக இருநூற்றைம்பது மணி. அட்டையில் இப்போது ஆயிரத்துத் தொண்ணூறு. உண்மையில் ஆயிரத்து முந்நூற்று நாற்பது. பிரித்துப் பார்க்க வேண்டிய கெடுவைத் தாண்டி நூற்று நாற்பது மணி ஓடியிருக்கிறது. இனி ரங்கூன்வரை ஓடப்போகிறது, பாதிக்குமேல் கடல்.

இரண்டு வாரத்துக்கு முன் மெக்கானிக் கோவிந்தசாமி இந்த அறை வாசலில் நின்று கேட்டது அவருக்கு நினைவு வந்தது. “இடது பக்கம் எண்ணெய் குடிக்குது செல்லக்கண்ணு. எத்தனை மணி ஆச்சு?” அட்டையைப் பார்த்துச் சொன்னார். “அப்ப இன்னும் வயசு இருக்கு,” என்று கோவிந்தசாமி போய்விட்டார். இருபது வருடமாக எஞ்சினோடு இருந்த ஒருவர், தன் கண்ணில் பட்டதை விட்டுவிட்டு அட்டையை நம்பினார்.

செல்லக்கண்ணு மறுபடி கூட்டினார். அதே விடை வந்தது. முத்தலிப்புக்கு இந்தக் கழித்தல் தெரியாது. அவர் இந்த அட்டைகளை எழுதவில்லை, பார்க்கவும் விடப்படவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான். மழை விட்டால் விமானம் போய்விடும். ரங்கூன் போய் இறங்கிவிட்டால் அந்த அட்டை யாரோ ஒருவருடைய அலமாரிக்குப் போய்விடும். எஞ்சின்கள் கெடு முடிந்த நிமிடத்தில் நின்றுவிடுவதில்லை. நூற்று நாற்பது மணி ஓடியது, பத்து மணி ஓடாதா?

மூன்றாவது முறை கூட்டினார். இது கணக்குக்காக அல்ல. மனிதன் முடிவெடுக்காமல் இருக்கும் நேரத்துக்குச் சரிபார்த்தல் என்று பெயர் வைத்துக்கொள்கிறான். கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் கொஞ்சம் மட்டுப்பட்டது. அது அவர் காதில் விழுந்தது. எழுந்தார்.

தலைமை இன்ஜினியர் ஸ்காட்லாந்துக்காரர். ஹேங்கரில் அவரைத் தொரை என்றுதான் சொல்வார்கள். செல்லக்கண்ணு நனைந்துபோய் நின்று, தன் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். தொரை அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“வேறு யாருக்குத் தெரியும்?”

“எனக்கு மட்டும்தான் சார்.”

“அந்த விமானம் இப்போது நம்முடையதல்ல. காலை பத்து மணிக்கு அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.”

அது கேள்வியா, யோசனையா, தப்பிக்க ஒரு வழியா என்று செல்லக்கண்ணுவுக்குப் புரியவில்லை. தொரைக்கே தெரிந்திருக்காது. இருவரும் மழையைப் பார்த்தார்கள். பிறகு தொரை மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். எஞ்சின் மணி நேரச் சான்றிதழைத் திரும்பப் பெறும் படிவம். “காரணத்தை எழுது. உன் பெயரைப் போடு. அந்தக் கரையில் எப்படி எண்ணினார்கள் என்பதற்கு உன் கூட இருப்பவர் கையெழுத்து வேண்டும். இரண்டும் இல்லாமல் என்னால் நிறுத்த முடியாது.”

அறைக்குத் திரும்பியபோது முத்தலிப் இரண்டு டம்ளர் தேயோடு உட்கார்ந்திருந்தார். செல்லக்கண்ணு நின்றபடியே சொன்னார். பத்து நிமிடக் கழித்தலைச் சொன்னார், இருநூற்றைம்பது மணியைச் சொன்னார்.

முத்தலிப் தேயைக் கீழே வைத்தார்.

“முதல் பெட்டியில மேலாக ஒரு தாள் வச்சிருந்தேனே. எல்லாம் பறந்த நேரம்தான்னு டைப் அடிச்சு.”

“பாத்தேன்.”

“பாத்தீங்களா?”

“பாத்தேன். படிக்கலே. உங்க கம்பெனித் தாள்தானேன்னு எடுத்து வச்சிட்டேன்.”

முத்தலிப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்கும் சனிக்கிழமைப் பட்டியல் இருந்தது. லபுவானில் வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவி ரபியாவையும் அழைத்துக்கொண்டு வந்தவர்.

“அந்தத் தாளைப் பத்தி இதுல எழுத வேணாம்,” என்றார் கடைசியில். “தப்பு நடந்துச்சுன்னு எழுதுங்க, போதும். வண்டி நிக்கணும், அவ்வளவுதானே.”

“எழுதலேன்னா தாள் வரலேன்னு ஆயிடும் பாய். அப்புறம் உங்க தலையில விழும்.”

“விழுந்தா நான் சொல்லிக்கறேன் லா. சீக்கிரம் எழுதுங்க, மழை விடுது.”

செல்லக்கண்ணு எழுதினார். தாளைப் பற்றியும் எழுதினார். ‘பார்த்தேன், படிக்கவில்லை’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு சொல் தவறியது. அடித்துவிட்டு மேலே எழுதினார். முத்தலிப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

வெளியே ஓர் எஞ்சின் இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. மழை தூறலாகிவிட்டிருந்தது. செல்லக்கண்ணு படிவத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார். தொரை ஹேங்கர் வாசலிலேயே நின்றிருந்தார். தாளில் கையெழுத்து இரண்டையும் பார்த்தார், மற்றதைப் படிக்கவில்லை. நேராக விமானத்தின் முன்னால் நடந்துபோய் இரண்டு கையையும் தலைக்குமேல் குறுக்காகப் பிடித்தார். வலது எஞ்சின் நின்றது. இடது எஞ்சினை இன்னும் தொடங்கவே இல்லை.

விமானி இறங்கி வந்து பேசியது நல்ல பேச்சு அல்ல. தொரை கேட்டுக்கொண்டார். விமானி போனதும் செல்லக்கண்ணு பக்கம் திரும்பினார்.

“மற்ற இரண்டும்?”

மழை பெய்த நேரமெல்லாம் செல்லக்கண்ணு ஒரே அட்டையை மூன்று முறை கூட்டினார். மற்ற இரண்டு விமானங்களின் அட்டைகளும் அதே இழுப்பறையில் இருந்தன. விற்ற விமானம் போய்விட்டால் தன் வேலை பிழைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அவை நினைவிலேயே வரவில்லை.

“ஒன்று ஹேங்கருக்குள் இருக்கிறது சார். இன்னொன்று குவாந்தானிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.”

“எத்தனை மணிக்கு?”

“பன்னிரண்டு ஐம்பது.”

தொரை கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து. “போய்க் கூட்டு.”

இந்த முறை முத்தலிப் பழைய அட்டையை வாசித்தார், செல்லக்கண்ணு எழுதினார். நான்கு மாதத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை.

“ஆயிரத்து முந்நூத்து இருபது பயணம்,” என்றார் முத்தலிப்.

“இருநூத்து இருபது மணி. அட்டையில ஆயிரத்து முப்பது.”

“ரெண்டையும் சேருங்க.”

“ஆயிரத்து இருநூத்தைம்பது.” செல்லக்கண்ணு பேனாவை வைத்தார். “ஐம்பது மணி தாண்டிடுச்சு.”

“எந்த எஞ்சின்?”

“ரெண்டுமே. ஒரே நாள்ல மாட்டினது.”

தொரை டெலிபோனில் கண்ட்ரோல் அறையைக் கூப்பிட்டார். விமானத்தில் இருபத்து மூன்று பயணிகள். அது ஜோகூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதற்கு இனி வேறு தரையைத் தேடுவதில் பொருளில்லை. எஞ்சின்களை மென்மையாக ஓட்டி நேரே வந்து இறங்கும்படி சொன்னார்கள். விமானி ஏன் என்று கேட்டார். இறங்கியதும் சொல்கிறோம் என்றார் தொரை.

செல்லக்கண்ணுவும் முத்தலிப்பும் ஹேங்கர் ஓரத்தில் போய் நின்றார்கள். உள்ளே உட்கார முடியவில்லை. மேகம் தாழ்ந்து கிடந்தது. கோவிந்தசாமி வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றார். பன்னிரண்டு ஐம்பது ஆனது. ஐம்பத்திரண்டு ஆனது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம் என்று செல்லக்கண்ணு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முத்தலிப்பின் உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது.

“மெதுவா ஓட்டச் சொன்னாங்கல்ல,” என்றார் கோவிந்தசாமி. “லேட்டாத்தான் வரும்.”



பன்னிரண்டு ஐம்பத்தேழுக்குச் சத்தம் கேட்டது. பிறகுதான் மேகத்திலிருந்து விமானம் தெரிந்தது. சாதாரணமாகத் தாழ்ந்து, சாதாரணமாகத் தரையைத் தொட்டது. ஒரு சீனக் கிழவி கூடையோடு இறங்கினாள். பின்னால் இரண்டு பள்ளி ஆசிரியர்கள், கைக்குழந்தையோடு ஒரு மலாய்ப் பெண். ஈரத் தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்து கட்டடத்துக்குள் போனார்கள். அவர்களுக்கு நடந்தது குவாந்தானிலிருந்து ஒரு பயணம், அவ்வளவே.



மறுநாள் விற்ற விமானத்தின் இடது எஞ்சினைக் கழற்றிப் பிரித்தார்கள். கோவிந்தசாமி மாலையில் பதிவு அறை வாசலுக்கு வந்தார். சொல்ல வந்ததைச் சொல்லத் தயங்கினார்.

“சொல்லுங்க.”

“நல்லாத்தான் இருக்கு. ஒரு ரப்பர் வளையம் தேஞ்சிருக்கு, அதான் எண்ணெய் குடிச்சது. மத்தபடி இன்னும் இருநூறு மணி ஓடியிருக்கும் லா.”

“சரி.”

“நீங்க சொன்னது தப்புன்னு சொல்ல வரலே.”

“தெரியும்.”

எஞ்சின் கெட்டிருந்தால் அவர் செய்ததற்கு ஒரு பெயர் கிடைத்திருக்கும். கெடவில்லை. அதனால் செய்தது சிறுத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அவர் எழுந்தபோது எஞ்சினின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மழை அதற்கு முன்பே விட்டிருந்தால் எழுந்திருப்பாரா என்பதும் தெரியாது. அந்தக் கேள்வியை அவர் தன்னிடம் கேட்டுக்கொண்டார் என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் கண்மணியிடம் அதைச் சொன்னார்.

சனிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். தலைமைக் கிளார்க் அப்துல் முத்தலிப். கீழே ஒரு வரி: செல்லக்கண்ணு, தற்காலிகம். போர்னியோ அட்டைகள் அனைத்தையும் திருத்தி எழுதும்வரை. பிறகு வேலை முடிவடையும், மூன்று மாத நோட்டீஸ் கிடையாது. தொரை அதற்குமேல் ஏதாவது முயன்றாரா என்பது தெரியவில்லை. நிரந்தரம் என்ற கடிதம் இனி வராது.

“எத்தனை அட்டை இருக்கு?” என்று கேட்டாள் கண்மணி. திரைத்துணிக்கு அளந்து வைத்த கணக்குத் தாளை அவள் அலமாரியிலிருந்து எடுக்கவில்லை, கிழிக்கவும் இல்லை.

“அறுநூத்துச் சொச்சம்.”

“முடிஞ்சா அனுப்பிடுவாங்க.”

“ஆமா.”

“அப்ப மெதுவா எழுதுங்களேன். ஒரு நாளைக்கு அஞ்சு, ஆறு. யாரு கேக்கப்போறா?”

அவள் சொன்னதில் தவறு என்று எதையும் அவரால் எடுத்துக்காட்ட முடியவில்லை. புக்கிட் மேரா வீட்டுக் கடிதத்துக்குப் பதில் தர இன்னும் ஏழு வாரம் இருந்தது. அதற்குள் துறைமுகத்திலோ வேறெங்கோ ஓர் இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

திங்கட்கிழமை காலை முதல் பெட்டியைத் திறந்தார். அந்த அட்டைகளில் உள்ள எஞ்சின்கள் ஹேங்கரில் இருந்த விமானத்திலும், குவாந்தானிலிருந்து வந்த விமானத்திலும், உதிரிக் கிடங்கிலும் இருந்தன. அட்டை திருத்தி முடியாத எந்த எஞ்சினையும் மாட்டக்கூடாது என்று தொரை உத்தரவு போட்டிருந்தார். ஹேங்கரில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஒன்பதாவது அட்டையில் ஒரு வரி மங்கியிருந்தது. செல்லக்கண்ணு எழுந்து அட்டையை எதிர் மேசைக்குக் கொண்டுபோனார்.

“பாய், இது நாற்பது நிமிஷமா, நாற்பத்தாறா?”

முத்தலிப் கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு பார்த்தார். “நாற்பத்தாறு. சிபு போற பயணம், எப்பவும் அவ்வளவு ஆகும்.” பிறகு மேசையில் அடுக்கியிருந்ததைப் பார்த்தார். “மணி பத்துகூட ஆகலே, அதுக்குள்ள ஒன்பதா?”

“ஆமா.”

“கொஞ்சம் தே குடிச்சிட்டு எழுதலாமே.”

“பத்தாவதை முடிச்சிட்டு வாறேன்,” என்றார் செல்லக்கண்ணு.

அன்று மாலைக்குள் இருபத்தேழு அட்டைகள் முடிந்தன. மூன்றில் அடித்தல் இருந்தது.